உசாத்துணை மீராசா

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீராசா மீன் வாங்க மாட்டார். பார்த்த பிறகும், "எங்க புடிச்ச? ஆர்ர தோணி? எத்தின மணிக்குக் கரைக்கு வந்த?" என்று மூன்று கேள்வி உண்டு. சாய்ந்தமருதுச் சந்தையில் அவர் தலையைக் கண்டால் மீன்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தேநீர்க் கடையில் யாராவது "இன்னாருக்குக் கலியாணம் சரிவந்திட்டாம்" என்றால், "ஆம் எண்டா ஆரு சென்ன? நீ நேர கேட்டயா, கேட்டவனுக்கிட்டக் கேட்டயா?" என்பார். கதை அத்தோடு செத்துவிடும்.

தொழிலும் குணத்துக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. பிரதான வீதியில் தட்டச்சும் பைண்டிங்கும் செய்யும் கடை. ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸ் பிள்ளைகள் ஆய்வேடுகளைக் கொண்டுவருவார்கள். எந்தச் செய்தியை யார் எழுதிய எதிலிருந்து எடுத்தோம் என்று கடைசியில் போடும் உசாத்துணைப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. முதல் நாள் பெயர், ஆண்டு, கமா, அடைப்புக்குறி எல்லாம் திருத்துவார். மறுநாள், யாரும் கேட்காமலே, அந்தக் கட்டுரைகள் உலகத்தில் உண்மையாகவே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இணையத்தில் தேடுவார். தேடி முடித்தால்தான் பட்டியலின் கடைசி மூலையில் சிவப்புப் பேனாவால் சின்னதாக 'மீ' விழும். அந்த எழுத்தைக் கண்டால் விரிவுரையாளர்கள் மேற்கொண்டு கேட்பதில்லையாம். இந்த 'ஆம்' அவர் காதில் விழாமல் இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்ததிலிருந்து இந்த மனிதருக்கு நித்திரை இல்லை. இல்லாத கட்டுரையை, பக்க எண்ணோடு, கேட்டவுடன் எழுதிக் கொடுக்கிறதே! "தலைப்பு ஒருத்தன்ட, பேரு இன்னொருத்தன்ட. ஒட்டுப்போட்ட சாறன் மாதிரி" என்பார். அப்படி மூன்று பிள்ளைகளைப் பிடித்தும் இருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைச் சொல்ல முடியாது. பேயைக் கையும் மெய்யுமாகப் பிடித்துக் காட்டியவர்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வாப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வெளிநாட்டு இதழ்கள் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும். பிள்ளைகள் வாப்பாவின் பெயரை நிரப்பி அனுப்புவார்கள். கட்டுரை வெளிவரும்போது வாப்பாவே ஆசிரியராகி நிற்பார். "எழுதின மகள், பேரு வாப்பாக்கா?" என்று கண்ட இடத்திலெல்லாம் மீராசா வெட்டித் திருத்துவார்.

போன வாரம் மேசைக்கு வந்தது அவருடைய மகள் நதீராவின் ஆய்வேடு. நிந்தவூர் வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றியது. செவ்வாய்க்கிழமை பட்டியலைத் திருத்திக் கொடுத்தார். புதன்கிழமை தேடத் தொடங்கினார். வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் கையளிக்க வேண்டும். அறுபத்திரண்டாவது இலக்கத்தில் பேனா நின்றது. எழுதியவர் பெயர் நஜ்லா என்றிருந்தது. இணையத்தில் தலைப்பு கிடைத்தது, ஆனால் எழுதியவர் யாரோ கச்சிமுகம்மது.

"இத எங்கால எடுத்த மகள்?"

"வாசிச்சித்தான் வாப்பா எடுத்த."

"வாசிச்சயா, மெசினுக்கிட்டக் கேட்டயா? உண்மையச் செல்லு."

நதீரா பட்டியலைத் தன் பக்கம் இழுத்து அந்த இலக்கத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. பொய் உசாத்துணை ஒன்று அகப்பட்டால் நாலு வருடப் படிப்பும் பாழ். "ஊராண்ட புள்ளயள அழ வெச்சன். இப்ப என்ட ஊட்டுக்குள்ளயே கள்ளமா?"

அவள் பையைத் திறந்து செவ்வாய்க்கிழமைத் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். அதே அறுபத்திரண்டு. அச்சில் 'கச்சிமுகம்மது, நஜ்லா' என்று, இதழில் உள்ளபடி சரியாகவே இருந்தது. அதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'நஜ்லா, க.' என்று எழுதியிருந்தது. கச்சிமுகம்மதுவின் மகள் நஜ்லா. வெட்டிய கை மீராசாவுடையது. வாப்பா வெட்டினால் வெட்டினதுதான் என்று மகள் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறாள்.

மீராசா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர்.

"கெம்பஸ் படிவத்தில குடும்பப் பேரு எண்ட இடத்தில நானும் உங்கட பேரத்தான் எழுதிரிக்கன் வாப்பா," என்றாள் நதீரா. "இனி ஆரும் என்ட ஆய்வ எடுத்தா 'மீராசா' எண்டுதான் போடுவாங்க. உங்கட பேர்ல நான் பொய் எழுதுவனா?"

தேடுவதற்கு இன்னும் முப்பத்தொன்று மிச்சமிருந்தன. மீராசா அறுபத்திரண்டை மட்டும் பழையபடி திருத்திவிட்டுக் கணினியை அணைத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மூலையில் 'மீ' போட்டார்.