மரகதம் அம்மா போட மறுத்த கையெழுத்து

வத்தலக்குண்டிலிருந்து போன் வந்தபோது வாசலில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தேன். "பெரியம்மா வெள்ளனே தவறிட்டாங்க தாத்தா," என்றான் மரகதம் அம்மாவின் தங்கை மகன். அவரோடு மலையில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்க வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

எண்பதுகளில் கொடைக்கானலில் மண்ணையும் பாறையையும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிச் சோதிக்கும் கூடம் ஒன்று இருந்தது. அம்மா அங்கே விஞ்ஞானி. நான் மண்ணை இடித்துச் சலித்து வில்லையாக அழுத்திக் கொடுப்பவன். எந்த மண் யாருடையது என்று தெரிய டப்பாவில் நூல் கட்டி முடிச்சுப் போடுவேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா அந்த முடிச்சுகளை அப்படியே பதிவேட்டில் வரைந்துகொண்டார். "செல்லையாண்ணன் எழுத்து இது. இதுல என்ன சிரிப்பு?" என்றார்.

சோதித்த மண்ணைக் கம்ப்யூட்டர் மலை முகடுகள் போலக் கோடு போட்டுக் காட்டும். எந்த முகடு எந்தப் பொருள் என்று சொல்ல இரண்டு புரோகிராம்கள் இருந்தன. ஒன்று கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கியது; உள்ளே என்ன கணக்கு என்று எவரும் பார்க்க முடியாது. இன்னொன்றை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகத் தபாலில் அனுப்பியிருந்தது. வரிக்கு வரி படிக்கலாம், திருத்தலாம்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் முப்பது குடும்பம் பூண்டிப் பக்கம் குடியேறியிருந்தோம். விவசாயத்துக்கு ஏற்றதா என்று பார்க்க எங்கள் மண் சோதனைக்கு வந்தது. லைசென்ஸ் புரோகிராம் பாஷாணம் என்றது; ஆர்சனிக் விஷம். குடியிருப்பையே காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அறிக்கையில் அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "பழனி முருகனே நவபாஷாணத்துல நிக்கிறாரு. இவங்க பூண்டுக்கு ஒரு பாஷாணம் தாங்காதாக்கும்?" என்று கிண்டலடித்தார் ஆபீஸ் கிளார்க். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கடலைத் தாண்டி வந்து போட்ட வீடு அது.

அம்மா இலவசப் புரோகிராமை அச்செடுத்துத் தரையில் விரித்தார். இரண்டு நாள் முட்டி போட்டுப் படித்தார். "பாஷாணத்துக்கும் ஈயத்துக்கும் மொத முகடு ஒரே எடத்துல வரும்ணே. ரெண்டாவது முகட்டைப் பார்த்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்," என்றார். அதையும் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினார். ஈயம்.

"மண்ணை எங்கேண்ணே அள்ளுனீங்க?"

குடியிருப்பின் ஈசானிய மூலையில். நல்லது கேட்டு வந்தவர்களுக்குச் சாமி மூலையிலிருந்து கொடுப்பதுதானே முறை என்று முப்பது குடும்பமும் அங்கேயே அள்ளியிருந்தோம். பக்கத்திலிருந்த பழைய பங்களாவின் கூரைத் தகரத்துப் பெயிண்டைச் சுரண்டிக் கொட்டியதும் அதே மூலை. அன்று சுரண்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழைய பெயிண்டில்தான் ஈயம் என்றார் அம்மா. மற்ற மூலைகளில் அள்ளி வரச் சொன்னார். அந்த மண்ணில் ஈயத்தின் முகடே எழவில்லை.

மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. "காசு குடுத்து வாங்குன புரோகிராமும்மா. சும்மா வந்ததை நம்பியா எதுத்துப் பேசுறீங்க?"

"சும்மா வந்தது தொறந்து கெடக்கு சார். காசு குடுத்தது பூட்டிக் கெடக்கு. பூட்டுனதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப உங்க பிரமோஷனை மறந்துருங்க."

"மறந்தாச்சு சார்."

தன் அறிக்கையோடு புரோகிராமின் அத்தனை தாளையும் இணைத்து அனுப்பினார். தப்பிருந்தால் இன்ன வரி என்று எவராவது காட்டட்டும் என்றார். ஒருவரும் காட்டவில்லை. மூலை மண்ணை மட்டும் வெட்டி லாரியில் அகற்றினார்கள். முப்பது வீடும் நின்றது.

கடைசிவரை அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. "எங்களாலதானே உங்களை அவங்க மேல ஏற விடலைம்மா," என்றேன் ஒருநாள்.

"மலை மேலதானே இருக்கேன். இன்னும் எங்கண்ணே ஏற?"

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று. கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் நீட்டிய தாளிலெல்லாம் என்னவென்று கேட்காமல் கட்டை விரலை அழுத்தியவன் நான். அம்மா மறுத்ததைப் பார்த்த பிறகு அப்படி அழுத்தியதில்லை. போன மாதம் வங்கியில் மைப்பெட்டியை நகர்த்தி, "வெரசா வைங்க பெரியவரே, பின்னால ஆள் நிக்குது," என்றார்கள்.

"நிக்கட்டும். மொதல்ல படிச்சுக் காட்டுங்க," என்றேன். படித்தார்கள்.