ஒரே கிழமையில் இரண்டு ஒப்பம்

எழுத்து வாசனையே இல்லாத என்னிடம், ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், இரண்டு பேர் ஒப்பம் கேட்டு வீடு தேடி வந்தார்கள். நான் சொல்ல, வேறு ஊரில் இருக்கும் மகள் வந்திருந்து எழுதுகிறாள். எழுதும்போதே முறைக்கிறாள். முறைக்கட்டும். அந்தக் கிழமை எனக்குப் பெரிய புளுகம்தான், சந்தோசம் பிடிபடவில்லை.

முதலில் வந்தவள் என் தங்கையின் மகள். இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற ஊரில், எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் ஒருவர் இறந்துபோக, அந்த ஒரு இடத்துக்குத் தேர்தல் வந்தது. கட்சி எதுவும் இல்லாமல் இவள் நிற்க வெளிக்கிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் எங்கள் சனத்துக்கு வீடு, பெனிபிட் காசு, விசா என்று படிவம் நிரப்பிக் கொடுப்பாள். வேட்பு மனுவில் வட்டாரத்து வாக்காளர் இரண்டு பேர் ஒப்பம் வைக்க வேண்டுமாம். படிவம் நிரப்பிக் கொடுத்த வீடு ஒவ்வொன்றாக ஏறினாள். தேத்தண்ணி கொடுத்தார்கள், ரோல்ஸ் கொடுத்தார்கள், பேரை மட்டும் கொடுக்கவில்லை.

“அரசாங்கப் பேப்பரில பேர் போனால் அது எங்க போய் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை?” என்றாராம் ஒருவர். ஊரில் பேர்ப் பட்டியலைப் பார்த்துப் பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோன காலத்தைக் கண்டு வந்த மனிதர். அவரைப் பிழை சொல்ல மாட்டேன்.

கடைசியில் முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வைத்தாள். என்னிலும் மூத்தவள், பூனை மூன்று வளர்க்கிறாள். மற்றது நான். என் ஒப்பம் மூன்றே எழுத்து. பாஸ்போர்ட் எடுப்பதற்காக என் மனுசன் கொழும்பு லொட்ஜில் வைத்துப் பழக்கியது. கோழி கிளறின மாதிரி இருக்கும்.

“மெதுவா வையுங்கோ பெரியம்மா, பேப்பர் ஓடிப்போகாது” என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் எங்கள் தெருமுனைக் கடைக்காரத் தம்பி வந்தார். அவரும் அதே இடத்துக்குத்தான் நிற்கிறாராம். என் மனுசனுடைய செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து கதிரை அடுக்கியவர். எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை சாப்பாடு அனுப்பியவர்.

“அம்மா, உங்கட கையால ஒண்டு வைச்சுத் தந்தால் எனக்குக் காணும், வேறொண்டும் வேண்டாம்” என்றார்.

செத்தவீட்டில் வந்து நின்றவர் வாசலில் நின்று கேட்கும்போது இல்லையென்று சொல்ல எனக்கு வராது. வைத்தேன். பிள்ளைக்கும் ஆசீர்வாதம், தம்பிக்கும் ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஆள் ஒருவருக்குத்தான் வைக்கலாம் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. என்னிடம் வேறு யார் வரப்போகிறார்கள் என்று இருந்திருப்பாள்.

அவர் அடுத்த நாளே மனுவைக் கொடுத்துவிட்டார். அவளுக்கு ஷிப்டில் லீவு கிடைத்தது கடைசி நாள் மத்தியானத்துக்குப் பிறகுதான். நான் பருப்பு அவித்துக்கொண்டிருக்க, போன் அடித்தது.

“பெரியம்மா, வேற ஆருக்கும் ஒப்பம் வைச்சனீங்களோ?”

“ஓம் பிள்ளை. கடைக்காரத் தம்பிக்கும் வைச்சனான். ஏன்?”

அவள் தேர்தல் ஒப்பீஸில் நின்றுதான் கதைத்தாள். முதலில் போன பேப்பரில் உள்ளதுதான் செல்லுமாம். இவளுடையதில் என் ஒப்பம் செல்லாதாம். நாலு மணிக்குப் பிறகு ஒன்றும் எடுக்க மாட்டார்களாம்.

“வேற ஆரையும் கூப்பிடன் பிள்ளை.”

“ஆரை?”

நான் செருப்பைத் தேடினேன்.

“நான் இப்ப பஸ் எடுத்து வாறன். அங்க வந்து மாத்திச் சொல்லுறன்.”

“ஏலாது பெரியம்மா. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“சாப்பிடுங்கோ. நான் போனை வைக்கிறன்.”

மணிக்கூடு பார்க்க எனக்குத் தெரியும். நாலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பத்து நிமிடமும் போய் முடியும்வரை அந்த இடத்திலேயே நின்றேன்.