ராஜபாளையம் சாலையில் ஒரு கயிறு

1. தேர்த் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வாந்திபேதி கண்டது.
2. காலரா என்று உறுதியானதும், ஊரைத் தொற்றுநோய்ப் பகுதி என்று அறிவித்துத் தண்டோரா போட்டார்கள்.
3. ஈ மொய்க்கும் பண்டங்களை விற்கத் தடை வந்தது. பால்கோவாத் தட்டுகளைக் குழியில் கொட்டினோம். கிணறுகளில் மருந்து கலந்தோம். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது.
4. ஊரை விட்டு வெளியே போகவோ உள்ளே வரவோ தடுப்பூசிச் சீட்டு வேண்டும் என்றார்கள்.
5. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடக் கூடாது என்று எங்கள் ஹெல்த் ஆபீசர் சொன்னார்.
6. சுகாதார ஊழியர்கள் யாரும் தடை நீங்கும்வரை ஊரை விட்டு நகரக் கூடாது.

நாலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று உத்தரவு எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அந்தப் பெண் வண்டியை விட்டு இறங்கும்வரை நானும் யோசிக்கவில்லை. ஆறாவதைப் பற்றி மட்டும் தினமும் யோசித்தேன்.

நான் சென்னையில் ஹெல்த் விசிட்டர் படிப்பு முடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்கு வந்தவள். வீடு ராஜபாளையம். பஸ் ஏறினால் செத்த நேரத்தில் போய்விடலாம். அங்கே அம்மாவும், பக்கவாதத்தில் படுத்த அப்பாவும் இருந்தார்கள். அப்பாவை விட்டு அம்மா வர முடியாது. ஊரை விட்டு நான் போக முடியாது.

ஊர் எல்லையில் ராஜபாளையம் சாலையின் குறுக்கே ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டி, பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு ஒரு போலீஸ் ஏட்டு. கொட்டகைக்கு நான். ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்து, வரிசையில் வருகிறவர்களுக்குக் குத்தி, சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். ஒவ்வொருவரையும் என் கையாலேயே என் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து பார்த்தால் மேற்கு மலை தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றாலும் அதே மலைதான்; கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

ஆவணியில் ஒரு நாள் காலையில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. கை நிறைய கண்ணாடி வளையல்களோடு ஒரு நிறைமாதக்காரி இறங்கினாள். வண்டி ஓட்டி வந்தவன் புருஷன். அன்று அவளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்துத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். அவளுடைய அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டியில் காத்திருந்தாள். ஊருக்குள் வந்தால் ஊசி குத்துவார்கள் என்று பயந்து, வளையல்களை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, மகளை எல்லையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள்.

"ஏட்டி, சட்டுனு வா! எம்புட்டு நேரமா நிக்கேன்!" என்று அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டாள்.

ஏட்டு சீட்டுக் கேட்டார். புருஷன் தன்னுடையதைக் காட்டினான்.

"அவிகளுக்கு?"

"அவளுக்கு ஊசி கூடாதுன்னு ஊரெல்லாம் சொன்னது இவுகதான?" என்று என்னைக் காட்டினான்.

"ஊசி கூடாது. அதனால் சீட்டும் கிடையாது" என்றேன்.

"பொறவு எப்படிப் போறது?"

"போக முடியாது."

சொன்ன பிறகு அது என் காதிலேயே அபத்தமாக விழுந்தது.

"வண்டியத் திருப்பும். தடை நீங்கின பொறவு வாங்க" என்றார் ஏட்டு.

"எப்படி ஏட்டய்யா திரும்ப?" என்றாள் அவள். "சொல்லிக்காமப் படியிறங்கியாச்சு. இனிமே பிள்ளையோடதான் அந்தப் படி ஏறணும்."

புருஷன் தலையைச் சொறிந்தான். "எங்கம்மா விடமாட்டாவ. எங்க கடைப் பால்கோவாவக் குழியில கொட்டினதுலருந்து எங்கய்யா வேற, ஊசிக்காரம்மா பேரக் கேட்டாலே சாமியாடுதாரு."

அவள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரிந்தன.

"போட்ருங்கக்கா. இல்லேன்னா, போட்டதா எழுதிக் கொடுங்க. எனக்கு எங்கம்மாட்டப் போகணும்."

இரண்டையும் நான் செய்திருக்கலாம். ஊசி கொதித்துத் தயாராக இருந்தது. சீட்டுப் புத்தகம் மேசையில் இருந்தது. ஊசியால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்று நினைத்தேன். இவள் உடம்பில் இன்னும் வெளித்தெரியாத நோய் இருந்தால், அது போய்ச் சேரும் ஊரில் என் அம்மாவும் இருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

"எனக்கும் அங்கேதான் போகணும்மா. முடியாது" என்றேன்.

அவள் ராஜபாளையத்துக்கு எத்தனை மைல் என்று எழுதியிருந்த கல்லின் மேல் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் வண்டி ஆடியது. அம்மாக்காரி இறங்கிவிட்டாள். "அவள விடலேன்னா நான் வாரேன்!" என்று கயிறு வரை வேகமாக வந்தவள், என் கையில் ஊசியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இம்புட்டு நீளமா?"

"கண்ணை மூடிக்கோங்க."

"கண்ண மூடினா நீ எங்க குத்துதன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கையிலதான் குத்துவாக, தலையிலயா குத்தப் போறாக?" என்றார் ஏட்டு.

"நீரு சும்மா இரும். உம்ம கையா?"

ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். ஊசி படுவதற்கு முன்பே அலறினாள். பிறகு கயிற்றுக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்து, மகளின் கன்னத்தைத் தடவி, "சரி, எங்க போக?" என்றாள். புருஷன் மாட்டைப் பார்த்தான். ஏட்டு சாலையைப் பார்த்தார்.

"என் அறை இருக்கு. ராஜபாளையத்துக்காரி அறைதான்" என்றேன்.

"ராஜபாளையமா? எந்தத் தெரு தாயி?"

"சர்ச்சுக்குப் பின்னால."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உன் சட்டியில நான் பொங்க மாட்டேன். என் சட்டிய எடுத்துட்டு வாரேன். அதுல பொங்கினா நீயும் சாப்பிடலாம்."

"சரி" என்றேன்.

அவளிடம் இப்போது சீட்டு இருந்தது. ராஜபாளையம் போய்ச் சட்டி, உரல், பழஞ்சேலை எல்லாம் வண்டியில் ஏற்றி வந்தாள். என் ஒற்றை அறையின் வாசலில் கோலம் போட்டு, மகளை வலது காலை வைத்து உள்ளே வரச் சொன்னாள். "அப்பன் வீட்டுச் சட்டி இங்க இருக்கு, ஆத்தா இங்க இருக்கேன். இதுதான் உனக்கு ராஜபாளையம்."

நான் கொட்டகையிலிருந்து வந்து, லைசால் தண்ணீரில் கை கழுவி முடிப்பதற்குள் தட்டு வைத்திருப்பாள். முதல் சில நாள் "சாப்பிடு தாயி" என்றாள். பிறகு ஒரு நாள், எதையோ அரைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "சாப்ட்டியாட்டி?" என்றாள். வீட்டில் அம்மா என்னை அப்படித்தான் கேட்பாள். அவள் மறுபடியும் கேட்டாள்.

வெற்றிலை, சுக்கு வாங்க ராஜபாளையம் போனபோது எங்கள் வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

"உங்கம்மா மெலிஞ்சுட்டாவ. நீ மெலியலன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஊசி போட்டது எம் மகளான்னு கேட்டாவ. ஆமான்னேன். குத்தின எடத்தக் காட்டச் சொன்னாவ. வீக்கம் இன்னும் வத்தலல்ல, அதத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாவ."

நான் எழுந்து அடுப்பை மூட்டினேன். கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கும் வேலை இருந்தது.

ஒரு மதியம் மகளுக்கு வலி கண்டது. தலைமாட்டில் அவள் அம்மா, கால்மாட்டில் நான். பெண் குழந்தை, வந்த வேகத்திலேயே அழுதது. வளையல்களில் பாதி அன்று உடைந்தன. பிறகு பல நாள் அறையில் பூண்டு வறுக்கும் மணம். நாலு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. எனக்கு அது நெருக்கடியாகவே தோன்றவில்லை.

ஊரில் நோய் ஓய்ந்து, தடையும் நீங்கியது. ஏட்டு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கன்றுக்குட்டி கட்ட ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். மிச்ச நாளைத் தாய்வீட்டில் கழிக்க அவர்கள் வண்டி ஏறினார்கள். சட்டியும் உரலும் போயின. கோலம் இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் வீட்டுக்குப் போனேன். அன்று மாலையே திரும்ப வேண்டியிருந்தது.

இப்போது நிலைமை இது. கொட்டகையில் சாலை வேலைக்காரர்கள் மண்வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பதிவாகியிருக்கிறது. ராஜபாளையத்தில், அம்மா வீட்டில் பிறந்தாள் என்றே அந்தப் பெண் எல்லாரிடமும் சொல்கிறாள்; நான் திருத்துவதில்லை. ராஜபாளையத்துக்கு மாறுதல் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அப்பா படுக்கையில்தான் இருக்கிறார். அம்மா இன்னும் இந்த அறையைப் பார்த்ததில்லை.