மாப்பிள்ளை கோட்டும் கும்மிப் பாட்டும்

கண்டி ரோட்டில் இறம்பொடைப் பக்கம் மண் சரிந்து வழி அடைபட்ட அன்றுதான் மலைமேல் இருக்கும் எங்கள் ஹோட்டலில் பெரிய கல்யாணம். கண்டியிலிருந்து வரவேண்டிய பேண்ட் வாத்தியக் குழு வழியில் மாட்டிக்கொண்டது. நான் அப்போது ஹாலுக்குச் சூப்பர்வைசர். வந்தவர்கள் மேசைக்கு மேசை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். "செல்வி, வாசல்ல வெல்கம் டான்ஸ் ஆடின ஆக்கள் எங்க? கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவர்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள். வெளிநாட்டுக்காரர் வரும் நாட்களில் எங்கள் ஹோட்டல் வாசலில் கும்மி ஆடுவார்கள். அன்று காலையும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். கிச்சனுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பினேன். பாட்டு எடுத்துக் கொடுக்கும் மாரியக்கா கையைக் கழுவிக்கொண்டே, "கல்யாணத்துல வெல்கம் பாட்டா பாடுவாங்க? நாங்க பொண்ணு பக்கம் நின்னு பாடுறோம்" என்றார். பெண் வீட்டார் மலைநாட்டு ஹட்டன்காரர்கள், கேலிப் பாட்டு அவர்களுக்குப் பழக்கம்தான் என்று நானும் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை வீடு கொழும்பு. மாப்பிள்ளையின் அம்மா காலையிலிருந்து என்னிடம் இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தண்ணீர் கேட்டதுகூட இங்கிலீஷில்தான்.

பெண்கள் வட்டமாக நின்று கை தட்ட, மாரியக்கா எடுத்தார்:

"கொழும்புச் சீமை மாப்பிள்ளைக்குக்
கோட்டு ரொம்பப் பெரிசுங்க
கோட்டுக்குள்ள தேடிப் பாத்தோம்
ஆளக் காணோம் எங்கேங்க"

பெண் வீட்டு மேசைகள் சிரிப்பில் குலுங்கின. மாப்பிள்ளை, பாவம், குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார். அவருடைய சித்தப்பா எழுந்து மேனேஜரிடம் வந்தார்.

"யாரு இவங்கள உள்ள விட்டது? எங்கள அவமானப்படுத்தவா கூட்டி வந்தீங்க?"

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "செல்வி, இனி இவங்க இங்க வர வேணாம்."

அது காதில் விழுந்ததும் கைதட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஹீல்ஸைக் கழற்றினார். கைப்பையை மேனேஜர் கையில் திணித்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் புகுந்தார்.

"ஆளத் தேட வேணாம் அக்கா
அடுப்படியில நிக்கிறான்
ஒங்க பொண்ணுக்கு ஆக்கித் தர
ஒலை வச்சுப் பழகுறான்"

மாரியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நீங்க பொறந்தது எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டார்.

"கொத்மலைப் பக்கம். நிப்பாட்டாதீங்க, அடுத்தத எடுங்க. எங்கிட்ட இன்னும் இருக்கு."

சித்தப்பா மெதுவாகப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவியும் வட்டத்தில் இருந்தார். பேண்ட்காரர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அவர்களைக் கவனிக்க ஆளில்லை.

மேனேஜர் கைப்பையோடு நின்றபடியே மாரியக்காவிடம், "என்னைப் பத்தியும் பாட்டு இருக்கா?" என்றார்.

"இருக்குங்க சார். நீங்க இன்னும் கொஞ்சம் தமிழ் படிச்சுட்டு வாங்க, பாடுறோம்."

அவர்களை வர வேண்டாம் என்று அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை. கல்யாணங்களுக்கும் அவர்களையே கூப்பிட்டோம். நான் ஓய்வு பெறும்வரை, கும்மி தொடங்குவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டு மேசைக்குப் போய், திருப்பிப் பாட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அதை மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும். பதில் பாட ஒருவர் இருந்தால் எவ்வளவு கேலியையும் சபை தாங்கும். இல்லாவிட்டால் வெல்கம் பாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.