பாத்திரம் இல்லாத மூடிகள்

போன வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே எங்கள் லைன் வீடுகளில் கரண்ட் போய்விட்டது. வழக்கம்போல எல்லோரும் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் ஓடினார்கள்.

வழக்கம்போல என்கிறேனே... போன ஆடி வரை அந்த வழக்கம் என் வீட்டில்தான் இருந்தது! கம்பெனியிலிருந்து நூல் பிசிறு வெட்டக் கொண்டுவரும் பனியன் மூட்டையோடு பெண்களெல்லாம் என் வாசலில்தான் உட்காருவார்கள். எதற்கும் "கமலக்காவைக் கேளு" என்பார்கள். பத்திரிகையில் எழுதுகிறவள் அல்லவா?

பல்லடத்திலிருந்து செல்வி குடிவந்தாள். போச்சு!

அவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? மூடி. பாத்திரம் ஓட்டையாகிப் போனபிறகு அநாதையாக மிஞ்சுமே, அந்த மூடி! மல்லாத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றி, நடுவில் சர்க்கரை டப்பாவை வைக்கிறாள் — எறும்பு அண்டுவதில்லை. இரண்டைச் சேர்த்துக் கொடியில் தொங்கவிடுகிறாள். காற்றில் அது போடும் சத்தத்தில் வடகத்துக்குக் காக்கை வருவதில்லை. வேஸ்ட் பனியன் துணிமேல் மூடியை வைத்து, சாக்பீஸால் வட்டம் போட்டு வெட்டி, அடுக்கித் தைத்தால்... சூடான பாத்திரம் இறக்கும் துணி! "ஏனுங்கக்கா, மூடிய வீணாக்கலாமுங்களா?" என்று சிரிப்பு வேறு.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாயைத் திறந்து யாரையும் பாராட்டாத மனிதர். அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டிங் சுத்தமா இருக்குதே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக நான் சுட்ட தோசையெல்லாம் சதுரமாகவா இருந்தது?

அந்த வெள்ளிக்கிழமை இருட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சிரிப்புச் சத்தம் தாங்கவில்லை. நானும் போனேன்.

ஒரே ஒரு சிம்னி விளக்குதான். ஆனால் ரூம் முழுக்க வெளிச்சம்! விளக்குக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய பித்தளை மூடி. புளி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். அந்த வெளிச்சத்தில்தான் அத்தனை பேரும் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். விளிம்பில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து — குன்னத்தூர் கமலம்.

என் பெயர்! என் கல்யாணச் சீரில் வந்த தவலையின் மூடி! மாட்டிக்கொண்டாளா?

"ஏ புள்ள செல்வி, இது என்ற மூடியாச்சே?" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாங்கக்கா, உங்களுதுதானுங்க. நாங்க குடிவந்த அன்னைக்கு இதப் போட்டு மூடித்தான சோறு குடுத்தனுப்புனீங்க? திருப்பிக் கொண்டாந்தனுங்க. 'தவலையே ஓட்டையாப் போச்சு, இத வெச்சு என்ன பண்ண, நீயே வெச்சுக்க'ன்னீங்களேங்கக்கா!"

சொன்னேன்தான். அவள் கையில் முதல் மூடியைக் கொடுத்ததே நான்தானா!

"கழட்டித் தரட்டுங்களா?" என்று எழுந்தாள். கத்தரிக்கோல்கள் எல்லாம் நின்றன. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இருக்கட்டும் விடு" என்று நானும் ஒரு பனியனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"கமலக்கா பேரு என்னமா மின்னுது பாருங்க!" என்றாள் யாரோ ஒருத்தி. எல்லோரும் நிமிர்ந்து மூடியைப் பார்த்தார்கள். ஒருத்தியாவது என்னைப் பார்க்க வேண்டுமே!

செல்விமேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது. இப்போது என் பெயர்மேல்தான்.