வெளிச்சம் ஒழுகுதா பாருங்க அக்கா

சாரிடம் நான் படிக்கப் போகவே இல்லை. வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் மாடிக்குப் போனேன். பார்த்து முடிக்க ஆறு வருஷம் ஆகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் வருவேன். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, கொக்கி வைப்பது, காஜா எடுப்பது என்று கை வேலை எல்லாம் என்னுடையது. கடைக்கு மேலே முதல் மாடி ரொம்ப நாள் சும்மா கிடந்தது. ஒரு நாள் கண்ணாடி போட்ட, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் கடைக்கு வந்து, கறுப்பு லைனிங் துணி எவ்வளவு இருக்கிறது என்று முதலாளியம்மாவிடம் கேட்டார். யாருக்கு ரவிக்கை என்று அம்மா கேட்டார். நாலு ஜன்னலுக்கு என்றார் அவர்.

சனிக்கிழமை மத்தியானம் மாடியில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். நாங்கள் கல்யாண வீடியோ என்று நினைத்துக்கொண்டோம். பகலில் படம் போட்டுக் காட்ட அறை இருட்டாக இருக்க வேண்டுமாம். ஜன்னல் திரையை நான்தான் தைத்தேன். மாட்டப் போனதும் நான்தான். மாட்டிவிட்டுக் கீழே இறங்கப் பார்த்தேன். அவர் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. படம் ஓடும்போது எங்கயாச்சும் வெளிச்சம் ஒழுகுதா பாருங்க."

கூரை ஒழுகும், குழாய் ஒழுகும் என்று தெரியும். வெளிச்சமும் ஒழுகும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். உட்கார்ந்தேன். எந்த நாட்டுப் படமோ, என்ன மொழியோ தெரியவில்லை. ஒரு பெண் மேசை முன்னால் நின்று மாவு பிசைகிறாள். பேச்சே இல்லை. பிசைந்துகொண்டே இருக்கிறாள். அவள் பிசைந்து முடிக்கும்வரை எனக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. கையில் வேலையைப் பிடித்தவள் பாதியில் விட மாட்டாள், அது எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை திரையில் ஓரம் தொங்குகிறதா பார்க்கப் போனேன். அதற்கடுத்த வாரம் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நானே கத்தரியை எடுத்து, யாரும் பார்க்காதபோது ஒரு முழம் தையலைப் பிரித்துவிட்டுக் கீழே வந்து, மேலே திரை பிரிந்துவிட்டதாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து வாரா வாரம் அந்தத் திரை எங்கேயாவது பிரிந்தது. ஊரில் வேறு எந்தத் திரைக்கும் அப்படி ஒரு கேடு வந்திருக்காது. கறுப்பு நூல் என்னவோ உருளை உருளையாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

வகுப்பில் சேருகிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுந்து வாசி என்றால் எழுத்தெல்லாம் மறந்துபோகும், அப்படி ஒரு கூச்சம். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒவ்வொரு வாரமும் விளக்கை அணைக்கும் முன்னால் பின்பக்கம் திரும்பி, "வெளிச்சம் ஒழுகுதா பாருங்க அக்கா" என்று மட்டும் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டுப் படத்தைப் பார்ப்பேன்.

அவரும் கிள்ளான்தான். ஒரே ரயிலில்தான் திரும்புவோம். பக்கத்தில் உட்கார்ந்தால் பேச வேண்டி வருமே என்று நான் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்வேன். கிள்ளானில் இறங்கியதும் அவர் தூரத்திலிருந்து கையை உயர்த்துவார், நானும் பையை உயர்த்துவேன். ஆறு வருஷத்தில் எங்கள் பேச்சுவார்த்தை பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

வகுப்பில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அதில் கார் ஓட்டிச் சம்பாதிக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவள் குரல் மாடியில் கேட்டால் கீழே ஊசி நடுங்கும். சார் அவர்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார், எனக்கு அதில் பாதி புரியாது. ஆனால் ஒரு சட்டம் எல்லாருக்கும் புரிந்தது. அது சிவப்பு ஸ்டூல் சட்டம். சாப்பாட்டுக் கடையில் போடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல்தான். யார் படம் எடுத்தாலும், படம் முடிந்ததும் முன்னால் வந்து அதில் உட்கார வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. பார்த்தவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். உண்மையான பதில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். உட்கார ஒப்புக்கொள்ளாதவர் படத்தை அவர் போட மாட்டார். எடுத்தவன் ஒளிந்துகொண்டால் படம் அனாதை என்பார்.

நான் படம் எடுக்கும்வரை எனக்கு அது ரொம்ப நல்ல சட்டமாகத்தான் பட்டது.

ஒரு நாள் தம்முடைய பழைய கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். சும்மா வைத்துக்கொள்ளச் சொன்னார், எதையாவது எடுக்கவும் சொன்னார். நில்லுங்க, எடுக்கிறேன் என்று ஒரு மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மாடிப்படி முடியும் இடத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அங்கே நூல் டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். கால் யாரையும் முறைக்காது. ஏன் எடுக்கிறாய் என்று கேட்காது. அவசரமாக வரும் கால், அலுத்து வரும் கால், புதுச் செருப்பு போட்டதால் மெல்ல வரும் கால் என்று சனிக்கிழமை சனிக்கிழமையாக எடுத்தேன். நிறுத்த மறந்துவிடுவேன், அது பாட்டுக்கு ஓடும். காலாக எடுத்திருக்கிறேனே, முகமே இல்லையே என்று தயங்கியபடி காட்டினேன். முகம் வேணும்னு யார் சொன்னா என்று கேட்டுவிட்டு வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தார். அளவு பார்த்து வெட்டுவது எனக்குத் தெரிந்த வேலைதானே, சீக்கிரம் பிடிபட்டது.

இதில் ஒரு தப்பு நடந்தது. சாரின் வலது செருப்பில் வார் பாதி பிய்ந்திருந்தது. முதல் சனிக்கிழமை அப்படியே எடுத்துவிட்டேன். அடுத்த வாரமும் பிய்ந்தே வந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தை வருஷக் கடைசிவரை தைத்துத் தைத்து ஓட்டியவள் நான். எல்லாரும் உள்ளே படம் பார்க்கும்போது சாக்கு ஊசியைக் கொண்டுவந்து, கையில் இருந்த நூலை நாலு இழையாகப் போட்டுத் தைத்துவிட்டேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு எடுத்து வைத்திருந்த ரோஸ் நூல் அது. கறுப்புத் தோலில் ரோஸ் தையல்.

ஒரு காட்சியில் இருப்பது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டும், பாதி குடித்த தேத்தண்ணி அடுத்த நிமிஷம் நிறைந்திருக்கக் கூடாது என்று அவர் வாரா வாரம் சொல்வார். அதற்குக் கன்டினியூட்டி என்று பேர். என் படத்தில் பிய்ந்த செருப்பு படி ஏறுகிறது, ரோஸ் தையல் போட்ட செருப்பு இறங்குகிறது. சார் அந்த இடத்தை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"கன்டினியூட்டி போச்சே அக்கா."

நான் தரையைப் பார்த்தேன். யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை. வெட்டி எடுத்துவிடவா என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

நாலு நிமிஷப் படம். அதற்கு நான் ஸ்டூலில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. தீபாவளி கழியட்டும் என்றேன். பிறகு பொங்கல் கழியட்டும் என்றேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்து தெம்பாக உட்காருகிறேன் என்றேன். பத்துமலைப் படி அத்தனையும் ஏறி இறங்கினேன், ஒரு சாண் ஸ்டூல் ஏறத் தெம்பு வரவில்லை. இப்படியே இரண்டு வருஷம். அவர் சிரிப்பார். படத்துக்கு வயசாகாது என்பார்.

படத்துக்கு ஆகவில்லைதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கார் ஓட்டும் பெண் கடை வாசலில் வந்து நின்றாள். அவள் குரல் சின்னதாக இருந்தது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போயிருக்கிறார். கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவருடையது ஓரமாகக் கிடந்தது. தையல் விடவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் மறுபடி வந்தாள். வருகிற சனிக்கிழமை மாடியில் சாருக்காக எல்லாரும் கூடுகிறார்களாம், அவர் மனைவியும் வருகிறாராம். அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். ஊரையெல்லாம் எடுத்த மனுஷனை யாரும் எடுக்கவில்லையே, குரலாவது எங்கேயாவது இருக்கிறதா என்று. எல்லாரும் தங்கள் படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சார் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான். அவர் காலும் குரலும் இருப்பது என் படத்தில் மட்டும். சார் மேசை இழுப்பறையில் ஒரு உறைக்குள், பென்டிரைவில் பத்திரமாக இருந்ததாம். உறைமேல் அவர் கையெழுத்து: அக்கா படம். உட்கார்ந்தால் மட்டும்.

நீங்களே போட்டுக்காட்டுங்கள், நான் எதற்கு என்றேன்.

"அது முடியாதுலா ஆன்டி. சார் எழுதி வச்சிருக்காரு. நீங்க உட்காந்தா போடுவோம். இல்லன்னா அந்தம்மா வெறுமனே போகட்டும்."

பொல்லாதவள். இதைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள்.

மூன்று நாள் கொக்கியை மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு ரவிக்கைக்குக் கொக்கியும் வளையமும் ஒரே பக்கம் வந்துவிட்டது. முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஊர் ரவிக்கை எல்லாம் பாழாகிவிடும், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தொலை என்றார். ஆறு வருஷமாகத் திரை பிரிந்த கதை எல்லாம் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். கத்தரியோடு மேலே போகிறவள் நூல் கேட்டு இறங்கி வருவதைப் பார்க்கத் தமக்குக் கண் இல்லையா என்றார்.

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போனேன். ஜன்னல் ஜன்னலாகத் திரையை இழுத்துவிட்டேன். அந்த அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தார். என்னைவிட ஒல்லி, என்னைப் போலவே கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். யாரும் பின்னால் திரும்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலேயே நான் நாலு மூலையையும் பார்த்துக்கொண்டேன்.

கால்கள் ஏறின. பிய்ந்த செருப்பு ஏறியது. அந்த அம்மாவின் தலை கொஞ்சம் முன்னால் போயிற்று. கடைசியில் ரோஸ் தையல் போட்ட செருப்பைக் கால் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கி நிற்கும். நிறுத்த மறந்து நான் விட்டுவிட்டதால் அதற்குப் பிறகு ஒரு குரல் வரும். வகுப்பு முடிந்தால் அவர் வாரா வாரம் கேட்பதுதான்.

"லைட்ட அணைச்சாச்சா?"

இருட்டில் முதல் வரிசையிலிருந்து, "அணைச்சாச்சு" என்று பதில் வந்தது. வீட்டில் சொல்வதுபோல, சாதாரணமாக.

கொஞ்ச நேரம் யாரும் விளக்கைப் போடவில்லை. அந்த நேரத்தில்தான் நான் எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருட்டு ரொம்ப ஒத்தாசையாக இருந்தது. விளக்கு வந்தபோது நான் ஏற்கனவே அங்கே இருந்தேன். எட்டுப் பத்து முகங்கள். ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கேள்வி கேட்கும் உரிமையை எல்லாரும் அந்த அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்த ரோஸ் நூல் யாரு தச்சது?"

உண்மையைத்தான் சொல்ல வேண்டும். "நான்தாங்க" என்றேன். என் குரல் கடைசி வரிசைவரை போனது எனக்கே அதிசயம்.

அந்த அம்மா மடியில் இருந்த பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாரிடமும் சொன்னார். செருப்பு அப்படித் தைத்து வந்த அன்றைக்கே அவரைக் கேட்டாராம். மனுஷன் சொல்லவில்லையாம். "ஒரு நாள் அந்த அக்கா ஸ்டூல்ல உட்காருவாங்க, அப்ப நீயே கேட்டுக்கோன்னாரு. ரெண்டு வருஷமா அந்தக் கேள்விய வச்சிருந்தேன்."

கார் ஓட்டும் பெண் சிரித்த சிரிப்பில் கீழே ஊசி நடுங்கியிருக்கும். நான் எழுந்தேன். அதற்குள் அந்த அம்மா இன்னொன்று கேட்க வாயெடுத்தார். எல்லாரும் ஒரே குரலில், ஒரு கேள்விதான், ஒரு கேள்விதான் என்று தடுத்துவிட்டார்கள். சட்டம் சட்டம்தான்.

அன்றைக்கு ரயிலில் இரண்டு பேரும் பெண்கள் பெட்டியில் ஏறினோம். ஒளிவதற்கு அதைவிட்டால் வேறு பெட்டியும் இல்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரிபாப் பலகாரம் ஒன்றைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தார். இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்.

"இங்க ஸ்டூல் கெடையாது. இப்ப சொல்லுங்க. கறுப்புச் செருப்புக்கு ஏன் ரோஸ் நூலு?"

கறுப்பு நூல் ஒரு முழம்கூட மிச்சமில்லை, எல்லாம் உங்கள் வீட்டுக்காரரின் திரைக்கே போய்விட்டது என்றேன். திரை அவ்வளவு மோசமாகவா கிழிந்தது என்று கேட்டார். அதற்கும் உண்மையைச் சொன்னேன். கத்தரிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். கிள்ளான் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.