மைக் கட்டிக் கூப்பிட்ட விஞ்ஞானி

எங்கள் விதைநெல் கம்பெனியில் மூட்டை தூக்குவது எனக்குப் பாதி வேலை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கத்துவது மீதி. பிளஸ் டூவில் தோற்றாலும் தொண்டை தோற்கவில்லை. கும்பகோணத்தில் என் குரல் போகாத தெரு கிடையாது.

முத்துப்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறுகிற வயல்களில் தாங்கி நிற்கும் நெல் எதுவென்று கண்டுபிடிக்க முதலாளிக்கு ஆசை. எங்கள் ரகங்களின் மரபணுவையெல்லாம் சென்னையில் படித்து, ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது பீரோவில் பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக இருந்தது. பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

"கம்ப்யூட்டரும் தெரியணும், உயிரியலும் தெரியணும், சாஃப்ட்வேரும் எழுதணுமாம். பேப்பர்ல போட்டுப் பாத்தாச்சுடா. நம்ம ஊருக்கு ஒருத்தரும் வரமாட்டேங்குறாங்க."

"மைக்ல சொல்லிருவோம் மொதலாளி. நடவுக்கே ஆள் வருது, இதுக்கு வராதா?"

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் ஆட்டோச் சாவியை எடுத்து நீட்டிவிட்டார்.

முதலில் வந்தவர் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவர். அடுத்தவர் சினை பிடிக்காத மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒரு அக்கா. தோளில் கைக்குழந்தை, முகத்தில் கோபம்.

"காலையில மைக்ல கத்துனது யாரு?"

"நாந்தாங்க்கா. குரல் எப்டி?"

"அப்பதான் தூங்க வச்சேன், புள்ள அலறிக்கிட்டு எந்திரிச்சிருச்சு. சண்டை போடத்தான் கெளம்புனேன். பாதி வழியிலதான் நீ என்ன சொன்னேங்கிறதே மண்டையில ஏறுச்சு. நான் அந்தப் படிப்புதான் தம்பி."

பெங்களூரில் இதே வேலை பார்த்தவராம். பிரசவத்துக்கு வந்தவர். கணவர் துபாயில். திரும்ப வேலை கேட்டால், குழந்தையை எங்கேயாவது விட்டுவிட்டு வா என்கிறார்களாம். விட ஆளில்லை.

முதலாளி டிஸ்கை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"உப்புல எந்த ரகம் நின்னுச்சு, எது கருகுச்சு? அந்த வயல் விவரம் இருக்காங்க? மரபணுவையும் அதையும் சேத்துப் பாக்குற மாதிரிதான் சாஃப்ட்வேர் எழுதணும்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே குழந்தை சிணுங்கியது. அவர் முகம் சுருங்கியது.

"கைப்புள்ளைய வச்சுக்கிட்டு ஆபீஸ்ல எப்டிம்மா?"

அக்கா குழந்தையை மறு தோளுக்கு மாற்றி, பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் மொதலாளி, நடவுக்கு வர்றவங்க வரப்பு மரத்துல தூளி கட்டித்தானே புள்ளையப் போடுறாங்க? வேணாம்னா சொல்றீங்க? இங்க மரம் இல்ல, மேல காலிக் கொக்கி இருக்கு. ஏசி வேற."

"ஆட்டுறது யாருடா?"

"எழுப்பிவிட்டவன்தான்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து பழைய நூல்புடவை ஒன்றைக் கொண்டுவந்தவர் அவரேதான்.

இப்போது அக்கா சாஃப்ட்வேர் எழுதுகிறார், நான் தூளி ஆட்டுகிறேன். "ஏதாவது பாடு தம்பி" என்பார். எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? மைக்கில் சொல்வதையே மெதுவாகச் சொல்கிறேன்: "சம்பாவுக்கு விதைநெல் வந்திருக்கு, வாங்க... வாங்க..."

குழந்தை தூங்கிவிடுகிறது. முதலாளியும்தான்.